மதுரையைவிடக் கிட்ட இருக்கிறது யாழ்ப்பாணம்

சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 415 கிலோமீட்டர். கோவைக்கு 400-ஐத் தாண்டுகிறது. தூத்துக்குடிக்கு 500-க்கு மேல். யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு என்று சென்னையில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். எழுநூறு, எண்ணூறு என்று ஆரம்பித்து, "கொழும்பு போய்த்தானே போகணும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். விடை, 355.

நம்பாதவர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 12 டிகிரி 59 கலை வட அட்சத்தில் இருக்கிறது. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்குதான் கலை. பலாலியில் உள்ள யாழ்ப்பாண விமான நிலையம் 9 டிகிரி 47 கலையில் இருக்கிறது. தீர்க்க ரேகையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. 80 டிகிரிக் கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே. ஆகவே தெற்கு வடக்காகக் கழித்தாலே போதும். வித்தியாசம் 3 டிகிரி 12 கலை, அதாவது 192 கலை. அட்சத்தில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். மாலுமிகளும் விமானிகளும் இன்றைக்கும் கடல் மைலை விடாமல் வைத்திருப்பது இந்த வசதிக்காகத்தான். 192 கடல் மைலை 1.852 ஆல் பெருக்கினால் 355 கிலோமீட்டர் வந்துவிடும். இரண்டு ஊர்கள் இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைவது அபூர்வம். மற்ற ஊர்களுக்கு இந்தக் கணக்கைப் போட கோளத் திரிகோணமிதி வேண்டும்.

தூரம் இவ்வளவு எளிதாகப் பிடிபடுகிறது. நேரம் பிடிபடாது. இந்த 355 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேகால் மணி நேரமும் ஆகியிருக்கிறது, முழு நாளும் ஆகியிருக்கிறது, வழியே இல்லாமலும் போயிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த நேரத்தைப் பற்றியது.

ஒன்றேகால் மணி நேரம் எங்கிருந்து வருகிறது?

கைப்பேசியில் இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டினால் வானத் தூரமும் பயண நேரமும் வருகின்றன. பெரும்பாலும் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டிக் காட்டுவார்கள். அந்தக் கணக்கில் சென்னை–யாழ்ப்பாணம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். 800 என்பது ஜெட் விமானத்தின் வேகம். பலாலியின் ஓடுபாதையில் இப்போது வந்து இறங்குவது எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட ஏடிஆர் 72. இறக்கைகளில் இரண்டு பெரிய விசிறிகள் சுழல, மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகிற விமானம் அது.

355-ஐ 500 ஆல் வகுத்தால் 43 நிமிடம். ஆனால் விமானம் தரையிலிருந்து கிளம்பிய உடனே 500-ஐத் தொடுவதில்லை. ஏறும்போது மெதுவாகப் போகும், இறங்கும்போது இன்னும் மெதுவாகப் போகும். இவ்வளவு குட்டிப் பயணத்தில் உயரம் போய்ச் சமநிலைக்கு வந்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். அதற்கு ஒரு பத்து, பதினைந்து நிமிடம் சேர்க்க வேண்டும். சென்னையில் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதையின் முனைக்குப் போய், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்கும் நேரம் இன்னொரு பத்து, பதினைந்து. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் காற்றில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. சக்கரத்துக்கு அண்டைக்கட்டை எடுப்பதிலிருந்து மறுமுனையில் அண்டைக்கட்டை வைப்பது வரை உள்ள மொத்த நேரம். கூடவே தாமதத்துக்கென்று விமான நிறுவனங்கள் கொஞ்சம் கள்ளக்கணக்கும் சேர்த்துக்கொள்ளும். "பத்து நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்" என்று விமானத்தில் பெருமையாக அறிவிக்கும்போது கைதட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இப்படியெல்லாம் கூட்டித்தான் ஒன்றேகால் மணி நேரம் வருகிறது.

காற்றும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். லண்டனிலிருந்து நியூயார்க் போவதற்கும் திரும்பி வருவதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வருவது மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வானக் காற்றால்தான். நம் வழியில் அது பெரிய சங்கதி இல்லை. பயணம் தெற்கு வடக்கு. தென்மேற்குப் பருவக்காற்று விலாவில்தான் வந்து மோதும். போக ஒரு சில நிமிடம் கூடும், வர ஒரு சில நிமிடம் குறையும்.

வானம் தெளிவாக இருந்தால், போகும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கை நல்லது. புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று கரை தூரத்தில் தொடர்ந்து வரும். கீழே வங்கக் கடல். கோடியக்கரை முனை தாண்டியதும் நிலம் மேற்கே ஒதுங்கிவிடும். நடுவில் எங்கோ சென்னைக் கட்டுப்பாட்டாளர் விமானத்தைக் கொழும்புக் கட்டுப்பாட்டாளரிடம் ஒப்படைத்துவிடுவார். ஒரு அலைவரிசையை மாற்றினால் அந்த வேலை முடிந்தது. கீழே, 1974-லும் 1976-லும் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு வரைந்த கடல் எல்லை ஓடுகிறது. அதை மீன்பிடிப் படகில் தாண்டுகிறவர்களுக்கு நடப்பது வாராவாரம் செய்தித்தாளில் வருவதுதான்.

தலைக்கு மேலே பறந்து போனவர்கள்

இன்னொரு நேர்கோடு போடுவோம், சென்னையிலிருந்து கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு. 640 கிலோமீட்டர் சொச்சம். இந்தக் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். யாழ்ப்பாண நகரத்துக்கு நேர் மேலாகப் போகிறது. பலாலி விமான நிலையம் கோட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான் விலகியிருக்கிறது. விமானங்கள் எப்போதும் பிசகாமல் நேர்கோட்டில் போவதில்லை என்றாலும் புவியியல் இதுதான்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போன மனிதர்கள் செய்தது இது: தாங்கள் போக வேண்டிய ஊருக்கு மேலாகப் பறந்து, தாண்டி, இன்னும் 290 கிலோமீட்டர் தெற்கே போய் இறங்கி, பிறகு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலையில் வடக்கே திரும்பி வந்தார்கள். 355 என்பது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. விமானத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். அதன் முன்னும் பின்னும் நான்கு மணி நேரம். பேருந்திலோ வேனிலோ ஏழெட்டு மணி நேரம். இரவு பஸ் கிடைக்காதவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டிலோ விடுதியிலோ ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் கிளம்புவார்கள். இதுவும் பாதை திறந்திருந்த நல்ல காலத்துக் கணக்கு.

பாதை திறந்திருக்காத காலமும் நீண்டது. யாழ்தேவி ரயில் 1956-இல் ஓடத் தொடங்கியது. 1990-இல் போர் காரணமாக யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. மறுபடியும் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு வந்தது 2014 அக்டோபரில். யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடுஞ்சாலை 2002 போர்நிறுத்தத்தின்போது திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடியது, போர் முடிந்த பிறகுதான் மீண்டும் முழுமையாகத் திறந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டிலிருந்து வெளியே வர, கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் படகில் கடந்தவர்கள் உண்டு. சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. கொழும்பு–யாழ்ப்பாணம் உள்நாட்டு விமானம் அவ்வப்போது ஓடியது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன்ஏர் அன்டனோவ் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கப்பலில் திருகோணமலை போய்ச் சுற்றுவதுதான் பலருக்குக் கிடைத்த வழி.

இந்தக் குழப்பத்தில் கடிகாரமும் சேர்ந்துகொண்டது. மின்வெட்டைச் சமாளிக்க, 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அப்படியே 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முந்தியிருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தது. ஆகவே 2002-க்குப் பிறகு ஏ9 வழியாக யாழ்ப்பாணம் போனவர்கள் வன்னியின் தெற்கு வாயிலான ஓமந்தையைத் தாண்டியதும் கடிகாரத்தை அரை மணி பின்னே வைத்து, வடக்கு வாயிலான முகமாலையைத் தாண்டியதும் அரை மணி முன்னே வைக்க வேண்டியிருந்தது. ஒரே தீவு, ஒரே சாலை. நடுவிலிருந்த வன்னியின் நேரம்தான் சென்னையின் நேரமாக இருந்தது. இன்று மூன்று ஊரிலும் ஒரே மணி.

சீதாதேவி பறந்த வழி

இத்தனைக்கும் இது புதிதாகக் கண்டுபிடித்த வழி அல்ல. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை அமைத்தது. இலங்கையின் முதல் தேசிய விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை 1947 டிசம்பர் 10-ஆம் தேதி நடத்தியது; நாடு சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலி ஓடுபாதையில், இறங்கி ஏறி, சென்னைக்கு வந்தது அந்த டகோட்டா விமானம். அதாவது அந்த நாட்டின் தேசிய நிறுவனம் முதன்முதலில் கடல் தாண்டிய வழியே யாழ்ப்பாணம்–சென்னை வழிதான். விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து சீதை வானூர்தியில் வடக்கே திரும்புவதை யாரோ ஒருவர் குறும்பாக யோசித்திருக்க வேண்டும்.

டகோட்டாவின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்குள். 355 கிலோமீட்டர் போக ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். இன்றைக்கு டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, இருமடங்கை நெருங்கும் வேகத்தில் போகிற விமானத்தில், நாம் மிச்சம் பிடித்திருப்பது சில நிமிடங்கள்.

விமானத்துக்கு முன்பே கப்பலும் ரயிலும் இருந்தன. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரில் ரயில் ஏறி தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னார் கடந்து, அங்கே இலங்கை ரயிலில் ஏறும் போட்மெயில் வழி வந்துவிட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து போய்வந்த கப்பலும் போர் தொடங்கியதும் நின்றது. வல்வெட்டித்துறைக்காரர்கள் படகெடுத்து வந்து தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள் என்று பழைய தலைமுறை கதையாகச் சொல்லும். எவ்வளவு உண்மையோ, அந்தக் கதையைச் சொல்பவர்களும் கேட்பவர்களும் அதை நம்ப முடிந்தது என்பதிலேயே அன்றைய தூரம் தெரிகிறது.

விமானத்தின் கதை 1978-இல் முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்து நின்ற ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்துபோனது. நிறுவனமும் அடுத்த ஆண்டோடு இழுத்து மூடப்பட்டது. 1983-இல் போர் வந்தது. பலாலி முழுக்க முழுக்க ராணுவத் தளமானது.

மறுபடியும் திறந்த வானம்

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்து இறங்கியது. நாற்பத்தோரு ஆண்டு கழித்து வந்த முதல் வெளிநாட்டு விமானம் என்று யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கொண்டாடின. நவம்பர் 11 முதல் பயணிகள் சேவை. ஐந்தாவது மாதமே, 2020 மார்ச்சில், கொரோனா மூடிவிட்டது. தொற்று தணிந்தபோது இலங்கையின் பொருளாதாரம் சரிந்து கிடந்தது. பெட்ரோலுக்கே மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2022 டிசம்பர் 12 அன்றுதான் விமானம் மறுபடி வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சி–யாழ்ப்பாணம் சேவை வந்தது. அது இன்னும் பக்கம். நேர்கோட்டில் 185 கிலோமீட்டர்கூட இல்லை. திருச்சியிலிருந்து சென்னை சுமார் 290.

கடல்வழியும் விட்டு விட்டு வருகிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பல் ஓடத் தொடங்கி, சில நாளிலேயே வடகிழக்குப் பருவமழை வருகிறதென்று நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் அந்த வழியை எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ நான்கு மணி நேரம். கடல் அனுமதிக்கும் மாதங்களில் மட்டும்தான் அது சரிவரும்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை கணக்குப் போட்டால் இன்று எவ்வளவு ஆகும்? சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பறக்க ஒன்றேகால். பலாலியில் குடிவரவு, சுங்கம், பெட்டி எல்லாம் முடிய முக்கால் மணி. அங்கிருந்து யாழ் நகரத்துக்கு அரை மணிக்கு மேல். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு, ஆறரை மணி நேரம். எழும்பூரில் தேஜஸ் ரயில் ஏறி மதுரையில் இறங்குவதற்கும் ஏறக்குறைய இதே நேரம்தான். இந்த ஆறரை மணியில் விமானத்தின் பங்கு ஐந்தில் ஒன்று. மிச்சம் முழுவதும் தரையில் வரிசையில் கழிகிறது.

விசா இந்தக் கணக்கில் சேரவே இல்லை. இந்தியர்கள் இணையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். அங்கிருந்து வருகிறவர்களுக்கு அவ்வளவு லேசு இல்லை. யாழ்ப்பாணத்தில் 2010-இல் இந்தியத் துணைத் தூதரகம் திறந்தபின் விசாவுக்காகக் கொழும்புக்கு அலைவது குறைந்தது; ஆனாலும் விண்ணப்பம், ஆவணம், காத்திருப்பு என்று நாள்கள் ஓடும். சென்னை மருத்துவமனையில் ஒரு பரிசோதனைக்காக வருகிற பெரியவருக்குப் பயண நேரம் என்பது அந்த விண்ணப்பம் போட்ட நாளில் தொடங்குகிறது. கல்யாணப் புடவை எடுக்கவும், சிதம்பரம், திருச்செந்தூர் என்று நேர்த்திக்கடன் தீர்க்கவும் வருகிறவர்கள் அதையும் சேர்த்தே நாள் பார்க்கிறார்கள்.

லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் யாழ்ப்பாணத்தாரின் கணக்கு வேறு. கொழும்பில் இறங்கி, அலுப்போடு எட்டு மணி நேரம் வேனில் போவதற்குப் பதில் சென்னை வழியாகப் போகலாமே என்று தோன்றும். டிக்கெட் தனித்தனியாக இருந்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து மறுபடி உள்ளே போக வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். பெரிய விமானத்தில் இரண்டு பெட்டி கொண்டுவந்தவர் ஏடிஆரில் ஏறும்போது ஒரு பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட நேரிடும். வரைபடத்தில் பார்த்தால் இதைவிட நேரான வழி இல்லை, ஆனாலும் பலர் கொழும்பு வழியையே எடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். மன்னாரிலிருந்து படகில் ஒரு இரவில் வந்தவர்கள் அவர்களில் பலர். கடவுச்சீட்டு இல்லாமல் வந்ததால், திரும்பிப் போக அதற்கென்று ஆவணமும் வெளியேறும் அனுமதியும் வாங்க வேண்டும். முகாமில் பிறந்து வளர்ந்து, இப்போது தங்களுக்கே பிள்ளைகள் இருக்கும் தலைமுறை அந்த 355 கிலோமீட்டரை ஒருமுறையும் கடந்ததில்லை.

ஓடுபாதையை நீட்டினால்?

பலாலி ஓடுபாதையை நீட்டி ஜெட் விமானங்கள் இறங்கச் செய்ய வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. நேரத்துக்காக என்றால் அதில் பெரிய லாபம் இல்லை. மணிக்கு 800 கிலோமீட்டரில் போகக்கூடிய ஏர்பஸ் இந்தக் குறுகிய வழியில் அந்த வேகத்தைச் சில நிமிடங்களுக்கு மேல் எட்டப் போவதில்லை. பத்து, பதினைந்து நிமிடம் மிச்சமாகும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: இருக்கைகள் இருமடங்குக்கு மேல் கூடும், பெட்டிக்கு இடம் இருக்கும், கட்டணம் இறங்க வாய்ப்புண்டு. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ நேரடி விமானம் வரவும் வழி பிறக்கும். அதெல்லாம் வேண்டியதுதான்.

ஆனால் ஓடுபாதைக்கு நிலம் வேண்டும், அந்த நிலம் வெற்று நிலம் அல்ல. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை சுற்றுவட்டாரத்து வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் ஒரே மூச்சில் இடம்பெயர்ந்தார்கள். பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அவர்களுடைய வீடு, கிணறு, தோட்டம், கோயில் எல்லாம் வேலிக்குள் போயின. போர் முடிந்தபின் பகுதி பகுதியாக விடுவித்தார்கள். முழுதாக இன்னும் விடவில்லை. உறுதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு சில கிலோமீட்டர் தள்ளி வாடகை வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் போட்டு வாழ்ந்த குடும்பங்கள் அவை.

விமான நிலையம் வளர வேண்டும் என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் வெளியே இருப்பவர்கள். என்னைப்போல சென்னையில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை எந்தப் பக்கம் எவ்வளவு நீளும், யாருடைய காணி அதில் வரும், அதற்கு மாற்றுக் காணியா, இழப்பீடா, எவ்வளவு என்பதையெல்லாம் பத்திரம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து முதலில் பேச வேண்டும். ஏர்பஸ் அதற்குப் பிறகு வரட்டும். அதுவரை ஏடிஆர் போதும். சென்னையில் பன்னாட்டு முனைய வரிசையைச் சற்றுக் குறைத்து, விசா கொடுப்பதைச் சற்று வேகப்படுத்தினாலே, ஓடுபாதையில் ஒரு அடிகூட நீட்டாமல், ஏர்பஸ் தரக்கூடியதைவிட அதிக நேரத்தை மிச்சப்படுத்திவிடலாம்.